தரவுக்கு ஏற்ற பெட்டகம்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

நெல்லைக் குதிரில் வைக்கிறோம். நீரைக் குடத்தில் வைக்கிறோம். நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். மூன்றும் வீட்டில் உள்ள பொருள்களே. ஆயினும் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வைப்பவர் எவரும் இலர். பொருளின் தன்மை, அதை எடுக்க வேண்டிய அவசரம், அது கெட்டால் நேரும் இழப்பு ஆகியவற்றை எண்ணியே நம் அன்னையர் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். கணிப்பொறி மென்பொருளை வடிவமைப்போருக்கும் இதே பொறுப்பு உண்டு.

எந்த மென்பொருளிலும் வேலை செய்யும் பகுதி ஒன்றும், நினைவில் வைக்கும் பகுதி ஒன்றும் இருக்கும். நினைவில் வைக்கும் பகுதிக்குத் தரவுத்தளம் என்று பெயர். திரையின் நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். தரவுத்தளத்தைப் பாதி வழியில் மாற்றுவதோ, வீட்டில் குடியிருந்துகொண்டே அஸ்திவாரத்தை மாற்றுவது போன்ற வேலை. ஆகவே அதைத் தொடக்கத்திலேயே சிந்தித்துத் தேர்ந்தெடுத்தல் இன்றியமையாதது. உறவுநிலை சாராத் தரவுத்தளங்கள் என்பவை யாவை, அவை ஏன் தோன்றின, அவற்றால் நாம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அட்டவணைகளின் ஆட்சி

உறவுநிலை சாராதது எது என்று அறிய, உறவுநிலை சார்ந்தது எது என்று முதலில் அறிய வேண்டும். 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர், தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் முறையை ஒரு கட்டுரையில் விளக்கினார். இதுவே உறவுநிலை முறை எனப்படும். இதற்காக அவருக்கு 1981-இல் கணிப்பொறித் துறையின் உயர்ந்த விருதாகிய டூரிங் விருது வழங்கப்பட்டது.

ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். மாணவியரின் பெயரும் சேர்க்கை எண்ணும் ஓர் அட்டவணையில் இருக்கும். வகுப்பும் வகுப்பாசிரியையின் பெயரும் மற்றோர் அட்டவணையில் இருக்கும். யார் எவ்வளவு கட்டணம் செலுத்தினார் என்பது மூன்றாம் அட்டவணையில் இருக்கும். எந்தச் செய்தியும் இரண்டு இடங்களில் எழுதப்படுவதில்லை. சேர்க்கை எண், வகுப்பு எண் முதலியவை நூல் போல் நின்று இவ்வட்டவணைகளை ஒன்றாகக் கோக்கின்றன. வகுப்பாசிரியை மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். எல்லா மாணவியர்க்கும் அது திருந்திவிடும்.

இம்முறையில் இரு பெரும் நன்மைகள் உண்டு. முதலாவது, முன்பு எண்ணிப் பாராத கேள்வியையும் பின்னாளில் கேட்கலாம். "எட்டாம் வகுப்பில், விடுதியில் தங்கிப் படிப்போருள், இரண்டாம் பருவக் கட்டணம் செலுத்தாதோர் யாவர்?" என்று கேட்டால், அட்டவணைகளை இணைத்து விடை தந்துவிடும். இவ்வாறு கேட்பதற்கான மொழிக்கு எஸ்.க்யூ.எல். என்று பெயர்.

இரண்டாவது, அது தரும் உறுதிமொழி. தந்தையின் வங்கிக் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் கழிக்கப்பட்டு, பள்ளியின் கணக்கில் அதே 5,000 ரூபாய் சேர்க்கப்பட வேண்டும். கழித்த பின்னர், சேர்ப்பதற்கு முன்னர் மின்சாரம் நின்றுவிட்டால் என் செய்வது? இத்தகைய தரவுத்தளம் இரண்டு செயலையும் ஒரே பரிவர்த்தனையாகக் கருதும். செய்தால் இரண்டையும் செய்யும்; இயலாவிடில் இரண்டையும் செய்யாது. ஒருவரது பரிவர்த்தனை பாதியில் நிற்கும்போது மற்றவர் அதில் குறுக்கிட முடியாது. முடிந்தது என்று கூறிவிட்டால், பிறகு மின்சாரம் போனாலும் அது அழியாது.

காட் கட்டுரை எழுதுவதற்கு முன்பே வேறு வகைத் தரவுத்தளங்கள் இருந்தன என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். மனிதனை நிலவுக்கு அனுப்பிய அப்பொல்லோ திட்டத்தில், ராக்கெட்டின் எண்ணற்ற பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக ஐ.எம்.எஸ். என்னும் தரவுத்தளத்தை ஐ.பி.எம். நிறுவனம் 1966-இல் உருவாக்கத் தொடங்கியது. அதில் அட்டவணைகள் இல்லை. மரத்தின் கிளைகளைப் போலத் தரவுகள் பிரிந்து சென்றன. எனவே உறவுநிலை சாராத் தரவுத்தளம் என்பது முற்றிலும் புதிய எண்ணம் அன்று. பழைய எண்ணம் ஒன்று புதிய தேவையால் திரும்பி வந்தது எனலாம்.

இணையம் கொண்டுவந்த நெருக்கடி

அந்தப் புதிய தேவையை உண்டாக்கியது இணையம். ஓர் ஊரின் கணக்கை வைத்திருந்த தரவுத்தளம் உலகம் முழுவதற்கும் விடை கூற வேண்டியதாயிற்று. கணிப்பொறியின் வலிமை போதாவிடில் அதைவிடப் பெரிய கணிப்பொறியை வாங்கலாம். ஆனால் பெரிதாக ஆக விலை மிகும். ஒரு கட்டத்துக்கு மேல் அதைவிடப் பெரியது கிடைக்கவும் செய்யாது. மற்றொரு வழி, நூற்றுக்கணக்கான சாதாரணக் கணிப்பொறிகளை வாங்கி வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதாகும்.

பங்கிடும்போது சிக்கல் எழுகிறது. மாணவியர் பதிவேடு மதுரையிலும், கட்டணப் பதிவேடு திருச்சியிலும் இருந்தால், இரண்டையும் இணைத்துக் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் இரு ஊர்களுக்கிடையே ஆள் ஓட வேண்டும் அல்லவா? அட்டவணைகளை இணைப்பதே உறவுநிலை முறையின் சிறப்பு. பல கணிப்பொறிகளில் பரவிக் கிடக்கும்போது அச்சிறப்பே சுமையாகிவிடுகிறது.

கூகுள் நிறுவனம் தன் தேவைக்காக அமைத்த பிக்டேபிள் என்னும் தரவுத்தளத்தைப் பற்றி 2006-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. மறு ஆண்டில் அமேசான் நிறுவனம், தான் அமைத்த டைனமோவைப் பற்றி எழுதியது. அமேசானில் தரவுத்தளங்கள் செய்த வேலையை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 70 விழுக்காடு வேலைகள் ஒரே சாவியைக் கொண்டு ஒரே வரிசையை எடுப்பனவாக இருந்தன என்று அந்நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி வெர்னர் வோகல்ஸ் பின்னர் எழுதியுள்ளார். மேலும் 20 விழுக்காடு வேலைகள் பல வரிசைகளை எடுத்தாலும், ஒரே அட்டவணையைத் தாண்டவில்லை. பத்தில் ஒரு பங்கு வேலைக்குத் தேவைப்படும் ஆற்றலுக்காக, பத்துப் பங்கு வேலையும் தாமதத்தைச் சுமக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது நியாயமே. 2009-ஆம் ஆண்டில் இத்தகைய தரவுத்தளங்களுக்கு நோ-எஸ்.க்யூ.எல். என்னும் பெயர் பரவியது. 'எஸ்.க்யூ.எல். மட்டும் அன்று' என்று அதற்குப் பின்னர்ப் பொருள் கூறினர்.

நால்வகைப் பெட்டகங்கள்

உறவுநிலை சாராத் தரவுத்தளங்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பர்.

1. சாவி-மதிப்பு வகை: இது மிதிவண்டி நிறுத்துமிடத்தில் தரும் வில்லை போன்றது. எண்ணைக் கொடுத்தால் வண்டி வரும். "சிவப்பு நிற வண்டிகள் எத்தனை?" என்று கேட்டால் விடை வாராது. ஆனால் எண்ணுக்கு உரியதை மிக விரைவாகத் தரும். டைனமோ இவ்வகையைச் சேர்ந்தது. 2009-இல் வெளிவந்த ரெடிஸ் என்பதும் இவ்வகையே. அது தரவுகளைக் கணிப்பொறியின் உள் நினைவகத்திலேயே வைத்திருப்பதால் இன்னும் விரைவாக விடை தருகிறது.

2. ஆவண வகை: ஒரு மாணவியைப் பற்றிய செய்திகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைப்பது போன்றது. பெயர், முகவரி, விளையாட்டுப் பரிசுகள், ஒவ்வாமை உண்டாக்கும் மருந்துகள் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். ஒருவருடைய கோப்பில் பரிசுப் பட்டியல் இருக்கலாம். மற்றொருவருடைய கோப்பில் அது இல்லாமலும் இருக்கலாம். 2009-இல் வெளிவந்த மாங்கோடிபி இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது.

3. நிரல் குடும்ப வகை: பிக்டேபிள் இதற்கு முன்னோடி. ஒவ்வொரு வரிசையிலும் எண்ணற்ற நிரல்கள் இருக்கலாம். வரிசைக்கு வரிசை அவை வேறுபடலாம். மழைமானி, மின் அளவி போன்ற கருவிகள் நிமிடந்தோறும் அனுப்பும் அளவுகளை இடைவிடாது எழுதிக்கொண்டே செல்ல இது ஏற்றது. முகநூல் நிறுவனத்தில் உருவாகி, 2008-இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட கசாண்ட்ரா இவ்வகையினது.

4. வலைப்பின்னல் வகை: இதில் பொருள்களைவிட அவற்றுக்கு இடையேயுள்ள தொடர்புகளே முதன்மையானவை. 2016-இல் உலகையே உலுக்கிய பனாமா ஆவணங்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். 1 கோடியே 15 இலட்சம் ஆவணங்கள் பத்திரிகையாளர்களின் கைக்குக் கிடைத்தன. எந்த நிறுவனத்துக்குப் பின்னே எந்த மனிதர், அவருக்குப் பின்னே எந்த நிறுவனம் என்று கொடி பிடித்துச் செல்ல வேண்டியிருந்தது. பன்னாட்டுப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பினர், நியோ4ஜே என்னும் வலைப்பின்னல் தரவுத்தளத்தில் அவ்விவரங்களை இட்டுத் தேடினர். செய்தி வெளிவந்த சில நாள்களில் ஐசுலாந்தின் பிரதமர் பதவி விலகினார். தரவுகளை அவற்றுக்கு ஏற்ற வடிவில் வைத்ததும் உண்மையை வெளிக்கொணரத் துணை நின்றது.

தொலைபேசி அறுந்த நேரம்

இத்தனை நன்மைகள் இருக்குமாயின், அட்டவணைகளை ஏன் கைவிடவில்லை என்று தோழியர் வினவலாம். விரைவும் பரப்பும் விலையின்றிக் கிடைப்பதில்லை என்பதே விடை. அவ்விலையை ஒரு கற்பனையின் வாயிலாக விளக்குகிறேன்.

ஆண்டு விழாவுக்கு இரண்டு வாயில்களில் நுழைவுச்சீட்டு கொடுக்கின்றனர். ஒவ்வொரு சீட்டு கொடுக்கும்போதும் ஒரு வாயிலில் இருப்பவர் மற்ற வாயிலுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கிறார். ஒரே ஓர் இருக்கை எஞ்சியுள்ள நேரத்தில் தொலைபேசிக் கம்பி அறுந்துவிடுகிறது. இரண்டு வாயில்களிலும் ஒருவர் வந்து நிற்கிறார். இப்போது இரண்டே வழிகள் உள்ளன. "தொடர்பு கிடைக்கும் வரை சீட்டு இல்லை" என்று கூறி நிறுத்தலாம். இதனால் கணக்குப் பிழைக்காது. ஆனால் வந்தவர் காத்திருக்க வேண்டும். அல்லது இருவருக்கும் சீட்டைக் கொடுத்துவிடலாம். இதனால் எவரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் இருக்கைக்கு இருவர் வந்துவிடுவர். கம்பி அறுந்த நேரத்தில் இரு நன்மைகளையும் ஒருங்கே பெற எந்த அறிவாளியாலும் இயலாது.

2000-ஆம் ஆண்டில் எரிக் புரூவர் என்னும் பேராசிரியர் இதனை ஒரு கருத்தாக எடுத்துரைத்தார். 2002-இல் சேத் கில்பர்ட், நான்சி லிஞ்சு என்னும் இருவர் இதைக் கணித முறையில் நிறுவினர். இதற்குக் கேப் தேற்றம் என்று பெயர்.

டைனமோவை அமைத்தவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தனர்? வாடிக்கையாளர் தம் கூடையில் ஒரு பொருளை இட வரும்போது, எக்காரணத்தாலும் "இயலாது" என்று கூறக் கூடாது என்று முடிவு செய்தனர். தொடர்பு அறுந்த நேரத்தில் ஒரே கூடைக்கு இரு படிகள் உண்டாகிவிட்டால், பின்னர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவர். இதனால் வாடிக்கையாளர் நீக்கிய பொருள் சில வேளைகளில் மீண்டும் கூடையில் தோன்றக்கூடும் என்று அவர்களே தம் கட்டுரையில் எழுதியுள்ளனர். வாங்க வந்தவர் அதை மறுபடியும் நீக்கிவிடலாம். பெரிய இழப்பு இல்லை. பிழை வரும் என்று அறிந்தே, தாங்கக்கூடிய பிழையைத் தேர்ந்துகொண்டனர் என்பது இங்கு நாம் கற்க வேண்டிய பாடம்.

மூன்று தோழியர் கணக்கு

பிழையின் வாய்ப்பைக் குறைக்கவும் வழி உண்டு. அதற்கு நாம் கற்ற கூட்டல் கணக்கே போதும்.

ஒரு செய்தியை மூன்று தோழியரின் குறிப்பேடுகளில் எழுதி வைப்பதாகக் கொள்வோம். புதிய செய்தி வந்தால் இருவரேனும் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கிறோம். பின்னர் அறிய விரும்பினால் இருவரைக் கேட்கிறோம். எழுதியவர் 2, கேட்கப்பட்டவர் 2, கூட்டினால் 4. தோழியரோ மூவரே. ஆகவே நாம் கேட்கும் இருவருள் ஒருவராவது புதிய செய்தியை அறிந்தவராக இருந்தே தீர வேண்டும். எழுதுவோர் எண்ணிக்கையும் கேட்கப்படுவோர் எண்ணிக்கையும் சேர்ந்து மொத்தப் படிகளைவிட மிகுதியாக இருக்க வேண்டும் என்பதே விதி. ஒருவர் எழுதினால் போதும், ஒருவரைக் கேட்டால் போதும் என்று வைத்தால் விரைவு மிகும்; ஆனால் 1 + 1 = 2 ஆகி, மூன்றைவிடக் குறைந்துவிடுவதால் பழைய செய்தி கிடைக்கக்கூடும்.

டைனமோவில் மூன்று, இரண்டு, இரண்டு என்னும் இவ்வெண்களே வழக்கமாகப் பயன்பட்டன. ஆயினும் உரிய தோழி வாராத நாளில், செய்தியை நான்காம் தோழியிடம் கொடுத்து, "இது அவளுக்கு உரியது" என்று குறிப்பெழுதி வைக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. அத்தகைய நேரத்தில் மேற்சொன்ன கணக்கு சிறிது தளர்ந்துவிடும். எழுத மறுக்காமல் இருப்பதற்கு அதுவே விலை.

தேர்வு முடிவும் கல்லூரி இடமும்

இவ்வேறுபாட்டைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களைவிட நன்கு உணரக்கூடியவர் யார்? நம் மாநிலத்தில் ஏறத்தாழ 9 இலட்சம் பேர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகின்றனர். முடிவு வெளியாகும் காலையில் அத்தனை குடும்பங்களும் ஒரே நேரத்தில் முடிவைத் தேடும். அவ்வேலையின் தன்மையைப் பாருங்கள். பதிவெண்ணும் பிறந்த தேதியும் சாவி. மதிப்பெண் பட்டியல் மதிப்பு. அந்த ஒரு மணி நேரத்தில் பட்டியல் மாறுவதும் இல்லை. ஆகவே அதே பட்டியலைப் பத்துக் கணிப்பொறிகளில் படியெடுத்து வைத்தாலும் தவறு நேராது. இது சாவி-மதிப்புப் பெட்டகத்துக்கு மிகவும் பொருந்தும் வேலை.

கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடப்பிரிவில் ஒரே ஓர் இடம் எஞ்சியுள்ளது. இரு மாணவியர் அதே நொடியில் அதைத் தேர்ந்தெடுக்கின்றனர். இருவருக்கும் "இடம் கிடைத்தது" என்று கூறிவிட்டு, மறுநாள் ஒருத்தியிடம் "பொறுத்துக்கொள்" என்று கூற இயலுமா? அவளுடைய பெற்றோர் அதற்குள் ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்திருப்பர்! இங்கே சில நொடிகள் காத்திருப்பதே நன்று. முழுப் பரிவர்த்தனை உறுதிமொழி தரும் தரவுத்தளமே இங்கு வேண்டும்.

இரண்டும் கல்வித் துறையின் வேலைகளே. இரண்டும் ஒரே மாணவியைப் பற்றியவையே. ஆயினும் பெட்டகம் வேறுபடுகிறது. ஒரே மென்பொருளில் இரு வகைகளையும் சேர்த்துப் பயன்படுத்துவதும் உண்டு. அவ்வாறு செய்யும்போது, எது மூலம், எது படி என்று வடிவமைப்பவர் தெளிவாக வகுத்துவிட வேண்டும். மறுகூட்டலில் ஒரு மாணவியின் மதிப்பெண் உயர்ந்தால், முதலில் மூலத்தில் திருத்தி, பிறகு எல்லாப் படிகளுக்கும் அது சென்று சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் ஓரிடத்தில் 'தேர்ச்சி' என்றும், மற்றோரிடத்தில் வேறு விதமாகவும் இருக்கும்.

வடிவமைப்போர் கேட்க வேண்டிய கேள்விகள்

தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்குமுன் கீழ்க்கண்டவற்றை வடிவமைப்போர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

அ) இத்தரவிடம் நாளும் கேட்கப்போகும் கேள்விகள் எவை? அவற்றை முன்கூட்டியே அறிவோமா? உறவுநிலை சாரா முறையில் கேள்விக்கு ஏற்பவே தரவை அடுக்குகிறோம். கேள்வி மாறினால் மறுபடியும் அடுக்க நேரிடும்.

ஆ) ஒரே செய்தியைப் பல இடங்களில் எழுதப் போகிறோமா? ஒவ்வொரு மாணவியின் கோப்பிலும் வகுப்பாசிரியையின் பெயரை எழுதினால் படிப்பது எளிது. ஆசிரியை மாறும்போது ஐம்பது கோப்புகளையும் திருத்துவது யார்?

இ) வடிவத்துக்கு விதி வேண்டாம் என்று எண்ணுகிறோமா? ஆவண வகையில் எதையும் எப்படியும் எழுதலாம் என்பர். ஒருவர் 'பிறந்த தேதி' என்றும் மற்றொருவர் 'பிறந்த நாள்' என்றும் எழுதி வைத்தால், படிக்கும் நிரல் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். விதி மறைந்துவிடவில்லை, தரவுத்தளத்திலிருந்து நிரல் எழுதுபவரின் தோளுக்கு மாறியிருக்கிறது.

ஈ) பழைய செய்தி ஒரு நிமிடம் காட்டப்பட்டால் யாருக்கு என்ன இழப்பு?

உ) உண்மையில் நமக்கு அத்தனை கணிப்பொறிகள் வேண்டுமா? ஒரு பள்ளியின் ஆயிரம் மாணவியர் கணக்கை ஒரே கணிப்பொறியில் உள்ள சாதாரண உறவுநிலைத் தரவுத்தளம் எளிதில் தாங்கும்.

இரு வகைகளுக்கும் இடையேயுள்ள வேலி இப்போது தாழ்ந்து வருகிறது. மாங்கோடிபியில் பல ஆவணங்களை ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் பரிவர்த்தனை 2018-இல் வந்தது. பல நாடுகளில் பரவிக் கிடந்தும் பரிவர்த்தனை உறுதிமொழி தரும் ஸ்பேனர் என்னும் தரவுத்தளத்தைக் கூகுள் 2012-இல் விவரித்தது. ஆயினும் அறுந்த கம்பி அறுந்த கம்பியே. அந்நேரத்தில் காத்திருப்பதா, பிழையை ஏற்பதா என்னும் தேர்விலிருந்து எந்தப் பெட்டகமும் தப்புவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உறவுநிலை சாராத் தரவுத்தளங்கள் அட்டவணைகளுக்குப் பகை அல்ல என்பதும், சில வேலைகளுக்காகச் சில உறுதிமொழிகளை அறிந்தே விட்டுக்கொடுத்த பெட்டகங்கள் என்பதும் விளங்கும். புதியது என்பதற்காக ஒன்றை ஏற்பதும், பழகியது என்பதற்காக ஒன்றைப் பற்றிக்கொள்வதும் பொறுப்புடையோர்க்கு அழகாகா.

நம்முள் பலர் நாளை மென்பொருள் துறையில் நுழையக்கூடும். தரவுத்தளத்தின் ஒவ்வொரு வரிசையும் ஒரு மனிதர். இரத்த வகை தவறாகக் காட்டப்பட்ட நோயாளியோ, இடம் கிடைத்தும் கிடைக்காமற் போன மாணவியோ, தம் வரிசை எந்தப் பெட்டகத்தில் இருந்தது என்று அறியமாட்டார். இழப்பை மட்டுமே அறிவார். ஆகவே தோழியரே, பெட்டகத்தின் பெயரைக் கேட்குமுன், "இது பிழைத்தால் அந்தப் பிழையைச் சுமப்பவர் யார்?" என்று கேட்கப் பழகுவோம். அக்கேள்விக்குக் கிடைக்கும் விடையே, எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை நமக்குக் காட்டிவிடும்.